பல் டாக்டர் பிடித்த குதிரை

மாமனாருக்கு எழுபது வயது விருந்து என்றால் மாப்பிள்ளை குதிரைதான் தரவேண்டும். மூத்த மாப்பிள்ளைகள் இருவரும் ஆளுக்கொன்று பார்த்து வைத்துவிட்டார்கள். கடைசி மாப்பிள்ளை மெயிர்பெக் ஆல்மாட்டி நகரத்தில் பல் டாக்டர். அவன் சந்தைக்குப் போனால் கழுதையைத் தலையில் கட்டி அனுப்பிவிடுவார்கள். அதனால் வானத்தில் குதிரை பிடிக்கக் கிளம்பினான்.

ஓரியன் விண்மீன் கூட்டத்தில், சிவந்த மேகத்துக்கு முன்னால், கரிய தூசியாலான குதிரைத் தலை ஒன்று உண்டு. அதைப் படமெடுத்துச் சட்டம் போட்டுக் கொடுத்துவிடலாம் என்று திட்டம். மூன்று குளிர்காலமாக அது கண்ணாமூச்சி காட்டியது. ஒரு முறை மேகம், ஒரு முறை பனி, ஒரு முறை இந்த மகானுபாவன் தொலைநோக்கியின் மூடியைக் கழற்றவே மறந்தான். ஞாயிற்றுக்கிழமை விருந்து. அதற்குள் இனி தெளிந்த இரவு கிடையாது. இன்று படம் சிக்காவிட்டால் சபையில் வெறுங்கையோடு நிற்கவேண்டும்.

மாமனார் வீட்டுக்குப் பின்னால், மேய்ச்சல் மேட்டில் தொலைநோக்கி நின்றது. அதில் மாட்டிய கேமரா எடுக்க எடுக்க, மேஜைமேல் மடிக்கணினி படங்களை ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்த்துத் தெளிவாக்கிக்கொண்டிருந்தது. அப்போது பார்த்து மாமனார் சக்தகன் குதிரையில் வந்து சேர்ந்தார்.

"குளிர்ல என்ன மாப்ள பண்றே?"

"குதிரை பிடிக்கிறேன், மாமா."

சக்தகன் வெறும் மேட்டைச் சுற்றிப் பார்த்தார். "சாப்ட்டியா நீ?"

மெயிர்பெக் திரையைக் காட்டினான். கிழவர் இறங்கி வந்து, சந்தையில் பார்ப்பதுபோல் நிதானமாகப் பார்த்தார்.

"தலைகீழா நிக்குதே."

இத்தனை நேரம் மெயிர்பெக் அதைக் கவனிக்கவே இல்லை. மடிக்கணினியையே தூக்கித் தலைகீழாக வைத்தான்.

"ம். கழுத்து நல்லாருக்கு. உதடு தொங்குது. வயசென்ன?"

"லட்சக்கணக்குல இருக்கும், மாமா."

"பல்லு பாத்தியா?"

"பல்லு தெரியலை."

"பல் டாக்டருக்கே தெரியலையா. சரி, எங்கேர்ந்து வருது?"

"அங்கேர்ந்து வெளிச்சம் வர்றதுக்கே ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆகும்."

"அவ்வளவு தூரத்துலேர்ந்தா ஓட்டிட்டு வர்றே?"

"விருந்துக்கு, உங்களுக்குத்தான் மாமா. வேற குதிரை வாங்க எனக்குத் தெரியாது." இந்த மனிதர் சிரித்துவிட்டால் மூன்று வருஷமும் பாழ் என்று பயந்தான்.

சக்தகன் சிரிக்கவில்லை. கையுறையைக் கழற்றி உள்ளங்கையை நீட்டினார். குதிரையைக் கொடுப்பதென்றால் பெறுகிறவர் கையில் அதன் கயிற்றை வைக்கவேண்டும். அப்போதுதான் கொடுத்ததாக அர்த்தம்.

"கயிறு எங்க?"

மெயிர்பெக், கேமராவிலிருந்து மடிக்கணினிக்குப் போகும் கேபிளைக் கேமரா பக்கம் பிடுங்கினான். இன்னும் வெகுநேரம் ஓடவேண்டிய கேமரா நின்றது. நின்றால் நிற்கட்டும். கேபிள் நுனியை மாமனார் கையில் வைத்தபோது அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது.

சக்தகன் விரல்களை மூடி, லேசாக ஒரு இழு இழுத்துப் பார்த்தார். மேஜைமேல் மடிக்கணினி அவர் பக்கமாக நகர்ந்தது.

"வருது," என்றார்.