மண் பெண்ணின் இடது கை

சனிக்கிழமை மதியம் கனகா அந்த மண்பொம்மையைத் தண்ணீரில் போட்டுவிட்டாள்.

தெரிந்து போடவில்லை. காவிரிக் கரை மேட்டில் அகழாய்வில் தோண்டி எடுத்த பழைய பானை ஓடுகள் மூட்டை மூட்டையாக மைசூருக்கு வரும். குவெம்பு நகரில் ஒரு வாடகை வீட்டின் பின்பக்கம் உட்கார்ந்து, பல் தேய்க்கும் பிரஷால் அவற்றைக் கழுவிக் காயவைப்பது அவள் வேலை. தொட்டியில் போடுமுன் ஒவ்வொன்றையும் ஈர விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். விரலில் மண் ஒட்டினால் அது சுடாத மண், தண்ணீர் ஆகாது. இரண்டு வருடமாகத் தவறாமல் செய்தது. அன்று ஒரு கட்டியைப் பானையின் கைப்பிடி என்று நினைத்தாள். சுடாத கைப்பிடியை அவள் பார்த்ததே இல்லை. தொட்டுப் பார்க்கவில்லை.

தண்ணீர் கலங்கியதும் பதறி எடுத்தாள். விரல் நீளத்தில் ஒரு பெண். முகம் இல்லை. அகன்ற இடுப்பு. கைகள் மார்புக்குக் கீழே மடிந்திருந்தன. இடது கை உடம்பை விட்டு நழுவிக்கொண்டிருந்தது. கொழுக்கட்டையின் வாயை மூடுவதுபோல் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினாள். ஒட்டிக்கொண்டது. தட்டின் ஓரத்தில் நிழலில் வைத்தாள்.

யாரிடமும் சொல்லவில்லை. ஒரு பானைக் கழுத்தை உடைத்ததற்காகப் போன மாதம்தான் கூடக் கழுவிக்கொண்டிருந்த கெம்பம்மாவை வேலையை விட்டு நிறுத்தினார்கள். கனகாவின் கணவனும் ஹெப்பாள் தொழிற்சாலையில் வேலை போய் மூன்று வாரமாக வீட்டில் இருந்தான்.

திங்கட்கிழமை காலை முரளிதரன் பூதக்கண்ணாடியோடு கத்தினார். அகழாய்வுக்குத் தலைவர் அவர். கத்துகிறவர் அல்ல.

"அஷ்வினி, இல்லி பா, இங்கே வா! ரேகை! செஞ்சவளோட ரேகை அப்படியே நிக்குது!"

பொருள்களைப் படம் வரையும் ஆராய்ச்சி மாணவி ஓடி வந்தாள். "ஹௌதா சார், நெஜமாவா? பொம்பளைன்னு எப்படிச் சொல்றீங்க?"

"வரியெல்லாம் எவ்ளோ நெருக்கம் பாரு. ஆம்பளை ரேகை இவ்ளோ நெருக்கமா இருக்காது. குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு வேற. எவ்ளோ உழைச்சிருப்பா, பாவம். நாளைக்குக் கருத்தரங்குல முதல்ல இதைத்தான் காட்டப் போறேன்."

கனகா தட்டோடு நின்றுவிட்டாள்.

"கனகாக்கா, வந்து பாருங்க. உங்க தட்டுலதான் இருந்துச்சு" என்றாள் அஷ்வினி.

"சாமிங்களா அது?"

"சாமியா, கொழந்தைங்க பொம்மையான்னு சார் இன்னும் பத்து வருஷம் சண்டை போடுவார்."

"ஏய், வேலையைப் பாரு." முரளிதரன் சிரித்தார். அவர் சிரித்து நாளாகியிருந்தது.

கனகா கண்ணாடி வழியே பார்த்தாள். பொம்மையின் இடது கையில் அவளுடைய கட்டைவிரல் தடம். பிறகு பொம்மையின் வலது கையைப் பார்த்தாள். ரேகை இல்லை. ஒட்டிய இடமே தெரியவில்லை. செய்தவள் ஈர விரலால் வழித்துவிட்டிருக்கிறாள். அதன்மேல் நகத்தால் ஐந்து கீறல்; வளையல். இடுப்பிலும் எங்கும் விரல் தடம் இல்லை. யாரோ ஒருத்தி பொறுமையாக உட்கார்ந்து, ஒவ்வொரு இடமாகத் தன்னை அழித்துக்கொண்டே வந்திருக்கிறாள்.

வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். வேலை இருக்கும். நாளைக்கு நாலு பேர் பார்ப்பார்கள். அத்தனை பொறுமையாகச் செய்தவளுக்கு இந்த அவசர விரல் அடையாளமாகிவிடும்.

"சார், அது என்ற விரலுங்க."

"என்னது?"

"சனிக்கிழமை தண்ணியில போட்டுட்டனுங்க. கை நழுவுச்சு. அமுக்கிப்போட்டேன்." கட்டைவிரலை நீட்டினாள். குறுக்கே தழும்பு இருந்தது. "எங்க ஊரு கௌதள்ளில கரும்பு வெட்டையில பட்டதுங்க."

முரளிதரன் விரலைப் பார்த்தார். பொம்மையைப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். அஷ்வினிக்குச் சிரிப்பு வந்தது, வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அன்னைக்கே ஏம்மா சொல்லலை?"

"சொன்னா நிறுத்திப்போடுவீங்க."

அவர் மறுக்கவில்லை. "இப்போ மட்டும் ஏன் சொன்னே?"

"அந்த வலது கையைப் பாருங்க. செஞ்சவ வழிச்சு விட்டிருக்கா. நான் விடலீங்க. என்ற கோண வேலை அவ பேர்ல போகக்கூடாதுங்க."

முரளிதரன் கண்ணாடியை வலது கைக்கு நகர்த்தினார். வெகுநேரம் குனிந்தே இருந்தார். பிறகு பொருள் அட்டையை எடுத்தார். 'தாய்த் தெய்வம்?' என்று முன்பே எழுதியிருந்தது. அதன் கீழே தேதி போட்டு எழுதினார்: இடது கை கழுவும்போது நழுவியது. ஒட்டியவர் கனகா, கௌதள்ளி.

"நாளைல இருந்து தொட்டிப் பக்கம் வராதே. மேட்டுல மண் சலிக்கிற சல்லடைக்குப் போ. வெயில்ல நிக்கணும்."

"நிக்கறனுங்க."

கருத்தரங்குக்கு எழுதி வைத்திருந்த தாளை நாலாகக் கிழித்தார். "அஷ்வினி, அந்த வலது கையைப் படம் எடு. பக்கவாட்டு வெளிச்சத்துல."

"அதுல ஒண்ணும் இல்லையே சார்."

"அதான். நாளைக்கு அதைத்தான் காட்டப் போறேன். எடு."

"மேட்டுக்கு வண்டி எத்தனை மணிக்குங்க?" என்று கேட்டாள் கனகா.

"காலைல ஆறு மணிக்கு" என்றார், கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல்.