முறுக்குக் கம்பியா, ரப்பரா?

அயர்லாந்தின் கால்வேயில், குதிரையில் கல்சுவர்களைத் தாண்டிப் போகும் நரிவேட்டை தொடங்க இன்னும் கால்மணி நேரம் இருந்தது. போன வாரம் எங்கள் இளங்குதிரை கட்டுக்கடங்காமல் ஓடி, கல்சுவரருகே என் கணவன் ஃபின்டனைத் தள்ளித் தோள் எலும்பை முறித்திருந்தது. இன்று ஏறப்போவது நான்.

"முறுக்குக் கம்பிக் கடிவாளத்தையே போடு மேவ். அதுக்குத்தான் அடங்கும்," என்றான்.

குதிரையின் வாயைத் திறந்து பார்த்தேன். நாக்கோரத்தில் அந்தக் கம்பி அறுத்து ஆறிவரும் வெட்டு.

"வலி தாங்காமத்தான் ஓடியிருக்கு. ரப்பர் கடிவாளம் போடுறேன்."

"இழுத்துட்டு ஓடினா பிடிச்சிருவியா?"

"உன்னையே பதினோரு வருஷமா பிடிச்சு வச்சிருக்கேனே."

அவன் கட்டுப்போட்ட தோளோடு முதல் சுவரை நோக்கி நடந்தான்.

முதல் சுவரை நெருங்கியதும் குதிரை கழுத்தை நீட்டி இழுத்தது. கடிவாள வாரை மெல்லப் பிடித்து, உடனே தளர்த்தினேன். அதன் காது என் பக்கம் திரும்பியது, வேகம் தணிந்தது. சுவரைத் தாண்டி இறங்கினோம். நிறுத்தினேன், நின்றது.

சுவரோரம் நின்ற ஃபின்டன் கண்ணைத் திறந்து, "தாண்டிட்டியா?" என்றான்.