மூன்று பத்துக்கு வெளியே சென்றார்

புரட்டட்டும், நன்றாகப் புரட்டட்டும், மினிட்ஸ் புத்தகத்தில் ஒரு கூட்டம்கூட விட்டுப்போகவில்லை, ஒரு கையெழுத்துகூடக் குறையவில்லை... பதிவுத்துறை ஆய்வாளர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு படிக்கிறார், எதிரே நான் பரீட்சை எழுத வந்தவள் மாதிரியா உட்கார்ந்திருக்கிறேன், பேப்பர் திருத்துகிறவள் மாதிரி. பழைய சக்கர நாற்காலிகளைச் சரிசெய்து நடக்க முடியாதவர்களுக்குச் சும்மா கொடுக்கிற கம்பெனி, லாபம் வந்தாலும் யாரும் பங்கு போட்டுக்கொள்ள முடியாது, இதற்கு எதற்கு இத்தனை சட்டம் என்று முதல் வருஷம் தலைசுற்றியது, ஆண்டறிக்கை, உறுப்பினர் பதிவேடு, தீர்மானம்... தையல் மெஷினை விட்டு வந்தவளுக்கு என்ன தெரியும்? இன்று விதியைச் சொன்னால் பக்கத்தைச் சொல்வேன். மொட்டைக் கடிதம் போட்டவன் வந்து பார்க்கட்டும், 'தலைவர் மகளுக்கு மேலாளர் வேலை, இது குடும்பக் கம்பெனி' என்றானே, பதிவு ரத்தானால் பட்டறையை மூடவேண்டியதுதான், நாற்காலிக்குக் காத்திருப்பவர்களிடம் என்ன சொல்வது...

அந்தப் பக்கம் வந்துவிட்டது, அவர் விரல் நின்றுவிட்டது. நாலு வருஷம் முந்தைய கூட்டம். தலைவர் அக்கா, கூடப் பிறந்தவள் இல்லை, அதற்கும் மேல், தையல்கடையிலிருந்து என்னைக் கூட்டிவந்து செயலாளர் ஆக்கியவள். மேலாளர் வேலைக்கு விண்ணப்பித்தது அவள் பெண். சொந்தக்காரர் விஷயம் வந்தால் சம்பந்தப்பட்டவர் அறையில் இருக்கக்கூடாது என்பது எங்கள் விதி, யார் சொல்வது? எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள், நான் வாயைத் திறந்தேன்.

"அக்கா, நீங்க கொஞ்ச நேரம் வெளிய இருக்கணும்."

"என் வீட்டு கார் ஷெட்டுல ஆரம்பிச்சதுடி இது. என்னையே வெளிய போகச் சொல்றியா?"

"நீங்க இருந்தா உங்களால வேலை கிடைச்சதுன்னு ஆயிடும்க்கா. அவ தகுதிக்குக் கிடைச்சதா இருக்கட்டும்."

நாற்காலியைப் பின்னால் தள்ளிய சத்தம்... மூன்று பத்து என்று நேரம் போட்டு எழுதினேன். பெண்ணைத்தான் எடுத்தோம், ஒருமனதாக, அவளுக்கு மேல் தகுதியானவர் யாரும் வரவில்லை, இன்று மூன்று ஊர்களில் பட்டறை ஓடுகிறது என்றால் அவளால்தான்.

"இந்த ஒரு பக்கம் போதும்மா, புகார் நிக்காது" என்கிறார் ஆய்வாளர். "இவ்வளவு ஒழுங்கா எழுதி வெச்ச கம்பெனிய நான் பார்த்ததே இல்ல."

கால் தரையில் பாவவில்லை எனக்கு, இதைக் கேட்கத்தானே இத்தனை வருஷம்...

"ஒண்ணே ஒண்ணு. மூணு பத்துக்கு வெளிய போனாங்கன்னு இருக்கு. திரும்ப உள்ள வந்த நேரம் விட்டுப்போச்சா?"

"விட்டுப்போகல சார். அவங்க வரல."

உண்மைதான், அக்கா வரவில்லை, அடுத்த வாரம் தபாலில் ராஜினாமாதான் வந்தது, அதையும் கெடுவுக்குள் தாக்கல் செய்தேன், ரசீது இருக்கிறது, எல்லாம் இருக்கிறது... ஆனால் முடிவு எடுத்ததும் எழுந்துபோய்க் கதவைத் திறந்து, 'வாங்கக்கா, முடிஞ்சிடுச்சு' என்று நான் கூப்பிட்டேனா? எழுதிக்கொண்டிருந்தேன், அது நினைவிருக்கிறது... கூப்பிட்டேனா?