இடது கை போட்ட பசை

ஜமுனாமரத்தூர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே கலைவாணி பிடித்திருந்த கடையில் அடுத்த வெள்ளிக்கிழமை தையல் மிஷின்கள் வந்து இறங்க வேண்டும். தரைக்கு டைல்ஸ் ஒட்டும் வேலையை ரேணுகாதேவி ஏற்றிருந்தாள். பதினோரு வருஷம் கோபால்சாமி மேஸ்திரிக்குக் கலவை சுமந்தவள், தானே மேஸ்திரியாக எடுத்த முதல் வேலை.

தரையில் ஒட்டியிருந்த பழைய பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழித்தால், அடியில் பசை அட்டை மாதிரி பிடித்துக் கிடந்தது. சுரண்டிச் சுரண்டி மூன்று பட்டித் தகடு வளைந்ததுதான் மிச்சம்.

"மேலயே ஒட்டிடும்மா, யாரு பாக்கப் போறா?" என்றாள் கலைவாணி.

"ஆறே மாசத்துல டைல்ஸ் எகிறிக்கும்க்கா. என் பேருதான் நாறும்."

"அப்ப பொழுது சாயறதுக்குள்ள தரை தெரியணும். இல்லன்னா பேசி வெச்சிருக்கற போளூர் மேஸ்திரிய வரச் சொல்லிடுவேன். நீ ஒட்டுனா நிக்குமான்னே எனக்கு சந்தேகமா கீது."

ரேணுகாதேவிக்குச் சுருக்கென்றது. நேரே வீட்டுக்கு நடந்தாள். சாமை மூட்டைச் சாக்குகளோடும் களைக்கொத்தோடும் திரும்பி வந்தாள். டீக்கடையில் கொதிநீர் வாங்கிச் சாக்குகளை நனைத்துத் தரையெல்லாம் பரப்பினாள். அரைமணி ஊறியதும் களைக்கொத்தைப் படுக்கவைத்துத் தள்ள, பசை தோல் தோலாக எழுந்தது. அப்படி வா வழிக்கு!

இரண்டாவது சாக்கை நகர்த்தியபோதுதான் கவனித்தாள். பசையைப் பரப்பும்போது பல்வைத்த கரண்டி இழுத்த வரிகள் எல்லாம் மற்றவர்கள் இழுப்பதற்கு நேர்மாறாக வளைந்திருந்தன. அட கடவுளே, இது இடது கை வேலை. அவள் கை! ஆறு வருஷத்துக்கு முன்னால் இது கம்ப்யூட்டர் சென்டர். அப்போது நடுவில் இருந்த சுவரை இடித்திருந்ததால் இடம் பிடிபடவில்லை. அன்றைக்கு மேஸ்திரி காய்ச்சலில் படுத்துவிட, இந்த ஷீட்டை ஒற்றை ஆளாக ஒட்டி முடித்தாள். பெயர் மட்டும் மேஸ்திரிக்குப் போனது.

நாலு மணிக்குச் சிமெண்டுத் தரை பளிச்சென்று தெரிந்தது. வாசலில் குவிந்திருந்த பசையைப் பார்த்துக் கலைவாணி பொரிந்தாள்.

"எந்தக் கட்டையில போறவன் இப்டி ஒட்டி வெச்சானோ!"

"அந்தக் கட்டையில போறவ நான்தாங்க்கா," என்று சிரித்தாள் ரேணுகாதேவி. இடது கையைத் தூக்கிக் காட்டி நடந்ததைச் சொன்னாள். "ஷீட்ட கிழிக்கறப்ப பக்கத்துலதான நின்னீங்க? ஆறு வருஷத்துல ஒரு ஓரமாச்சும் கெளம்பி இருந்துச்சா?"

கலைவாணி அந்தக் கையையும் வளைந்த தகடுகளையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. போளூர்க்காரர்.

"வர வேணாங்க," என்றாள் கலைவாணி. "இங்க மேஸ்திரி இருக்காங்க."

ரேணுகாதேவிக்குப் பெருமை தாங்கவில்லை. குனிந்து, சுத்தமாக இருந்த தரையை இன்னொரு தடவை துடைத்தாள்.