ஒன்பது கிலோ இழுவை

"இதுல ஒரு சைன் போட்டுடு கிளெமென்ட். நாளைக்கு கஸ்டமர் வர்றாங்க. அதுக்குள்ள ரிப்போர்ட் ரெடியா இருக்கணும் லா."

வேலைத்தலத்தை நடத்தும் மலேசியத் தமிழர் தனபாலன் தாளை மேசையில் வைத்துவிட்டு, கையெழுத்து போட வேண்டிய இடத்தை விரலால் தட்டிக் காட்டினார். கிளெமென்ட் தாளை எடுத்தான். ஆங்கிலத்தில் பதினொரு வரி. அவனுக்கு வரி வரியாகத்தான் வாசிக்க வரும், அவசரப்பட்டால் எல்லாம் கலங்கிவிடும். ஐந்தாவது வரியில் அவனுடைய பெயர் இருந்தது. 'இழுவைச் சோதனையைச் செய்யாமலே, செய்ததாகக் கையெழுத்திட்ட தொழிலாளி' என்று பெயருக்குப் பின்னால் இருந்தது.

பிழையாக வாசித்துவிட்டேனோ என்று இன்னொரு தரம் வாசித்தான். பிழையில்லை. காது மடல் இரண்டும் நெருப்பாகச் சுட்டன.

"தனபாலன் அண்ணன், என்ன இது?"

"ஃபார்மாலிட்டிதான். ஒரு வார்னிங் லெட்டர் குடுப்போம், அதோட முடிஞ்சிடும். நீ பயப்படாத."

"பயமோ? ஆருக்குப் பயம்? சோதனையை நிப்பாட்டச் சொன்னது நீங்கள் எல்லோ!"

தனபாலன் சிரித்தார். "அப்பிடி எங்கயாவது எழுதியிருக்கா?" என்று கேட்டுவிட்டுத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு டயர்க் கடைக்குப் பின்னால் இருந்தது அந்த வேலைத்தலம். மொத்தம் ஆறு பேர். பெரிய கம்பனிகள் கழற்றிப் போடும் ஃபைபர் மொடியூல்களை வாங்கி, துடைத்து, பழுது பார்த்து, திரும்ப விற்பது தொழில். மொடியூல் என்றால் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு தகரப் பெட்டி. ஃபைபர் வழியாக வரும் வெளிச்சத்தை மெஷினுக்கு விளங்கும் கரண்டாக மாற்றுகிற சாமான். அதை நெட்வேர்க் சுவிச்சில் இருக்கும் கூட்டுக்குள் தள்ளினால் 'டிக்' என்று பூட்டிக்கொள்ளும். வயிற்றுப் பக்கத்தில் மிளகு அளவில் ஒரு பல். பல்லுக்குப் பின்னால் ஒரு ஸ்பிரிங். ஸ்பிரிங் தள்ள, பல் வெளியே வந்து கூட்டின் ஓட்டையில் விழுந்து பிடித்துக்கொள்ளும். முன்னால் தொங்கும் கம்பி வளையத்தைக் கீழே மடக்கினால் பல் உள்ளே போகும், மொடியூல் கையோடு வரும். வளையத்தைத் தொடாமல் இழுத்தால் வரக் கூடாது. ஒன்பது கிலோ பாரத்தில் இழுத்தாலும் அசையக் கூடாது என்பது விதி.

அந்த ஒன்பது கிலோவை இழுத்துப் பார்ப்பதுதான் ஆறு வருடமாகக் கிளெமென்டின் வேலை. மேசையில் திருகி வைத்த கூட்டுக்குள் ஒவ்வொன்றாகத் தள்ளுவான், தொங்குதராசின் கொக்கியை மாட்டுவான், முள் ஒன்பதைத் தாண்டும்வரை இழுப்பான். ஒரு நாளைக்கு நானூறு. பின்னேரத்தில் தோள்மூட்டு கழன்றுவிட்டதுபோல இருக்கும். ஆனால் அவன் கை வைத்து அனுப்பிய ஒன்றுகூடத் திரும்பி வந்தது கிடையாது.

மே மாதம் புது ஸ்பிரிங் பொதி ஒன்று வந்தது. பழைய ஸ்பிரிங் தேய்ந்தவற்றுக்கு மாற்றிப் போட. தலைமயிர் போல மெல்லிசு. பல்லை நகத்தால் அமுக்கிவிட்டால், பழைய ஸ்பிரிங் விரலைக் கடிப்பதுபோலத் திரும்பி வரும். புதியது நித்திரையால் எழும்புகிறமாதிரி ஆறுதலாக வந்தது.

"அண்ணன், இது சரிவராது. பல்லு முழுசா வெளியிலை வரேல்லை" என்று அன்றைக்கே சொன்னான்.

"லைட் வருதா? லிங்க் வருதா? அப்ப ஓகேதான். போட்டுத் தள்ளு" என்றார் தனபாலன்.

அடுத்த கிழமை தராசைக் காணவில்லை. திருத்தி அளவு பார்க்க அனுப்பியிருக்கிறதாம். வரும்வரைக்கும் வெளிச்சச் சோதனை மட்டும் போதுமாம். தராசு திரும்பி வரவே இல்லை. கிளெமென்ட் கேட்டான்தான். இரண்டு தரம் கேட்டான். தமிழ் ஆள், படித்தவர், அவருக்குத் தெரியாததா என்று மூன்றாம் தரம் கேட்காமல் விட்டான்.

அதைவிடப் பெரிய பிழை ஒன்று அவனுடைய கையாலேயே நடந்திருந்தது. ஒவ்வொரு தட்டு மொடியூலுக்கும் ஒரு தாள். எல்லாக் கட்டமும் நிரம்பிய பிறகு அடியில் கையெழுத்துப் போட வேண்டும். ஆனால் ரப்பர்க் கையுறையைப் போட்டு, ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கத் தொடங்கினால் பேனை பிடிக்க முடியாது. ஒவ்வொரு தட்டுக்கும் கையுறையைக் கழற்றினால் வேலை ஓடாது. அதனால் காலையில் வந்ததும் வெறுந்தாள் இருபதிலும் மளமளவென்று கையெழுத்தைப் போட்டுவிட்டுத்தான் கையுறையை மாட்டுவார்கள். அங்கே எல்லாரும் அப்படித்தான். கட்டங்களைப் பின்னேரம் தனபாலன் நிரப்புவார். இழுவைச் சோதனை என்ற கட்டத்தில் நாளாந்தம் 'பாஸ்' என்று அவர்தான் எழுதியிருக்கிறார். கீழே கிளெமென்டின் கையெழுத்து.

போன திங்கட்கிழமை, நகரத்தில் ஒரு டேட்டா சென்டரில் மூன்று மொடியூல்கள் தாமாகவே கூட்டிலிருந்து வெளியே நகர்ந்துவிட்டன. ஃபைபர்க் கட்டின் பாரமும் விசிறியின் அதிர்வும் அவற்றுக்குப் போதுமாக இருந்தன. ஒரு கொரியர் கம்பனியின் டெலிபோன் எல்லாம் நாற்பது நிமிடம் செத்துக் கிடந்ததாம். இப்போது டேட்டா சென்டர்காரருக்குக் காட்ட, பழியைச் சுமக்க ஒரு பெயர் வேண்டும்.

மத்தியானச் சாப்பாட்டில் ஷாரோன் கிட்ட வந்து உட்கார்ந்தாள். மலேசியப் பிள்ளை, பக்கத்து மேசையில் வெளிச்சச் சோதனை பார்க்கிறவள்.

"அங்கிள், சைன் பண்ணிட்டீங்களா?"

"பண்ணுவன். செத்தாப் பிறகு."

"சும்மா மண்டையச் சூடாக்காதீங்க அங்கிள். ஒரு வார்னிங்தானே?"

"பிள்ளை, ஆறு வருசமா இழுத்த கை இது. இழுக்காம இழுத்தனெண்டு பொய் சொன்னவன் எண்டு எழுதியிருக்கு. நாளைக்கு இந்த ஊரிலை எவன் எனக்கு ஒரு திருப்புளியைத் தருவான்?"

"வெறும் பேப்பர்ல நீங்கதானே சைன் வச்சீங்க?"

"ஓம். வச்சனான். மாடு மாதிரி வச்சனான். நீயும்தானே வைக்கிறாய்?"

ஷாரோன் வாயில் வைத்த சோற்றை மெல்லாமல் அவனைப் பார்த்தாள். பிறகு எழும்பிப் போய், அன்றைக்குக் கையெழுத்துப் போட்டு வைத்திருந்த தன் வெறுந்தாள்களை எடுத்து நாலாகக் கிழித்துக் குப்பையில் போட்டாள்.

வேலை முடிந்து வரும் வழியில் கிளெமென்ட் த்ரீ கிங்ஸ் கடைத்தெருவில் காரை நிறுத்தி, பத்துக் கிலோ அரிசி மூட்டை ஒன்று வாங்கினான். வீட்டில் அதைக் காரிலேயே விட்டுவிட்டு, கராஜில் நைலோன் கயிறு தேடினான். அவன் மனைவி அற்புதம் எட்டிப் பார்த்தாள்.

"அரிசி வீட்டிலை கிடக்குதே. என்னத்துக்கு இன்னொரு மூட்டை?"

"சாட்சி சொல்ல."

அற்புதத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு மேலே கேட்காமல் உள்ளே போனாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மெகன் வந்தாள். டேட்டா சென்டரின் ஆள். நனைந்த மழைக்கோட்டைக் கதிரையில் போட்டுவிட்டு, ஒரு பிளாஸ்டிக் பையை மேசையில் வைத்தாள். உள்ளே மூன்று மொடியூல்கள். தனபாலன் இங்கிலிஷில் தேனாகப் பேசினார். தவறு கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது, சம்பந்தப்பட்ட ஆள் மேல் நடவடிக்கை எடுக்கிறோம், இனி நடக்காது. சொல்லிக்கொண்டே கிளெமென்டின் பக்கம் தலையை ஆட்டினார். காய்ச்சல் மாட்டைச் சந்தையில் காட்டுகிறமாதிரி.

கிளெமென்ட் மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தான்.

"என்னா இது? கிச்சனா?" என்றார் தனபாலன்.

"தராசு இல்லையே அண்ணன். நீங்கள்தானே அனுப்பினீங்கள்."

சோதனைக் கூட்டைத் திருகாணி கழற்றி, மேசை விளிம்பில் வாய் கீழே பார்க்கும்படி திரும்ப முறுக்கினான். மெகனிடம் தனக்குத் தெரிந்த இங்கிலிஷில் சொன்னான். உடைந்த இங்கிலிஷ்தான், ஆனால் ஒரு சொல்லும் வழுக்கவில்லை. "இது பழைய ஸ்பிரிங் போட்ட மொடியூல். பாருங்கள்." கூட்டுக்குள் தள்ளினான். டிக். கம்பி வளையத்தைத் தொடாமல், மூக்குப் பகுதியைச் சுற்றிக் கயிற்றைச் சுருக்கிட்டு, மறு நுனியில் மூட்டையைக் கட்டி மெதுவாகக் கையை எடுத்தான். பத்துக் கிலோ தொங்கியது. மெகன் குனிந்து பார்த்தாள். மொடியூல் அசையவில்லை.

"இது நீங்கள் கொண்டு வந்தது."

தள்ளினான். சத்தம் வந்தது, ஆனால் நமுத்த சத்தம். மூட்டையைப் பாதி தாங்கியபடி ஒரு கையைத் தளர்த்தினான். பாரம் முழுதாக இறங்குவதற்கு முன்பே மொடியூல் வழுக்கிக்கொண்டு வந்தது, மூட்டை அவனுடைய தொடையில் மோதியது. அடுத்ததும் அப்படியே. மூன்றாவதை மெகன் தானே தள்ளி, கயிற்றை விரலில் சுற்றி இழுத்தாள். அவள் இழுப்புக்கே வந்துவிட்டது.

தனபாலனின் முகம் கறுத்தது. தமிழுக்கு மாறினார். "டேய், நிறுத்துடா. நம்ம ஆளுங்களுக்குள்ள பேசிக்கலாம். வெள்ளக்காரி முன்னாடி மானத்த வாங்காத."

"இங்கிலிஷிலை சொல்லுங்கோ. அவவுக்கும் விளங்கட்டும்."

கிளெமென்ட் ஸ்பிரிங் பொதியைக் கொண்டுவந்து மெகனுக்கு முன்னால் கவிழ்த்தான். இது மே மாதம் வந்தது, சரியில்லை என்று சொன்னேன், தராசை எடுத்துவிட்டார்கள் என்று மூன்று வசனத்தில் முடித்தான்.

மெகன் ஒரு ஸ்பிரிங்கை எடுத்து விரலுக்குள் நசுக்கிப் பார்த்தாள். பிறகு தன் ஃபைலைத் திறந்து ஒரு தாளை அவன் பக்கம் திருப்பினாள். "சரி. அப்படியென்றால் இந்தக் கையெழுத்து யாருடையது? சோதனை பாஸ் என்று இருக்கிறது."

கிளெமென்ட் தாளைக் கையில் எடுத்தான். தெரியாது என்று சொல்லலாம். களவாகப் போட்டது என்று சொல்லலாம். தனபாலன் அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டு நின்றார், கண்ணில் தெரிந்தது.

"என்னுடையது" என்றான். "வெறுந்தாளில் போட்டது. ஒவ்வொரு நாளும் காலையில் அப்படித்தான் போடுவேன். கட்டத்தில் 'பாஸ்' என்று எழுதியது என் கை இல்லை. எழுத்தைப் பாருங்கள்."

"நானும் அப்படித்தான் போட்டேன்" என்று பின்னால் ஷாரோனின் குரல் கேட்டது.

மெகன் கோபப்பட்டாள். தனபாலனிடம் மட்டுமல்ல, கிளெமென்டிடமும். வெறுந்தாளில் கையெழுத்துப் போடும் இடத்திலிருந்து வரும் எந்தத் தாளை நம்புவது என்று கேட்டாள். இங்கே வாங்கிய ஆயிரத்து எண்ணூறு மொடியூல்களும் திரும்பி வரும் என்றாள். கிளெமென்ட் தலையைக் குனியவில்லை. சொன்னதெல்லாம் நியாயம். நியாயமான ஏச்சு உடம்பில் இறங்குவது வேறுமாதிரி.

"என்னுடைய பிழையை எழுதுங்கள். வெறுந்தாளில் கையெழுத்துப் போட்டான் என்று எழுதுங்கள். அதற்குக் கீழே கையெழுத்துப் போடுகிறேன். ஐந்தாவது வரியில் இருப்பதற்குப் போடமாட்டேன்."

மெகன் தனபாலனின் ரிப்போர்ட்டை வாங்கி வாசித்தாள். ஐந்தாவது வரியை இரண்டு கோடு போட்டு வெட்டினாள். பக்கத்தில் அவன் சொன்னதை எழுதினாள். பிறகு பேனையைத் தனபாலனிடம் நீட்டி, ஸ்பிரிங்கையும் தராசையும் பற்றி அவர் கையால் எழுதச் சொன்னாள். நாலு வரி எழுத அவருக்கு இருபது நிமிடம் பிடித்தது. கிளெமென்ட் தனக்கென எழுதப்பட்டதை மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக வாசித்து, அடியில் கையெழுத்துப் போட்டான். மெகன் தாளைப் படமெடுத்துக்கொண்டு மழைக்குள் போனாள்.

கதவு சாத்திய சத்தம் அடங்க முன்னமே தனபாலன் வெடித்தார்.

"நன்றி கெட்டவனே! ஆறு வருஷம் வேல குடுத்தேன்டா. நம்ம ஆளுன்னுதானே எடுத்தேன்!"

"நம்மட ஆள் எண்டபடியாத்தானே என்ரை பேரைத் தேடிப் பிடிச்சு எழுதினீங்கள்? வேறை ஆள் எண்டா எழுதத் துணிவீங்களோ? சொல்லுங்கோ பாப்பம்!"

"திங்கக்கிழமை நீ வராத. முடிஞ்சுது. போ."

ஷாரோன் வாயைப் பொத்திக்கொண்டாள். மற்ற மேசைகளில் கைகள் நின்றுவிட்டன. கிளெமென்டுக்கு மேசையைத் தூக்கிக் கவிழ்க்க வேண்டும்போல வந்தது. கதிரையை இழுத்து, அவருடைய அறை வாசலுக்கு நேரே போட்டு உட்கார்ந்தான்.

"எழுத்திலை தாங்கோ."

"என்னா?"

"வராதை எண்டு வாயாலை சொன்னா நான் வருவன். வாயாலை சொன்னதைக் கேட்டுத்தான் இவ்வளவும் வந்தது. எழுதுங்கோ. ஏன் வரக் கூடாது எண்டதையும் எழுதுங்கோ. எழுதி, வாசிச்சு, அதுக்குப் பிறகு கையெழுத்து வையுங்கோ."

தனபாலன் ஒரு வெறுந்தாளை எடுத்தார். பேனையைத் திறந்தார். கிளெமென்டின் பெயரை எழுதினார். அதற்குப் பிறகு என்ன எழுதுவதென்று பேனை நின்றது. கிளெமென்ட் கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

"ஆறுதலா எழுதுங்கோ" என்றான். "எனக்கு அவசரமில்லை."