ஜூலையில் வந்த கிறிஸ்மஸ் தாத்தா

கொடைக்கானலில் கிறிஸ்மஸ் தாத்தா வேஷத்துக்குத் தன்னை விட்டால் வேறு ஆள் கிடையாது என்பது செபாஸ்டினின் எண்ணம். வருஷம் முழுக்கப் பள்ளிக்கூட மெஸ்ஸில் பரிமாறுகிறவன், டிசம்பர் வந்தால் ஆளே மாறிவிடுவான். சிவப்பு அங்கி, பஞ்சுத் தாடி, அட்டை முகமூடி, வயிற்றில் தலையணை. கீதம் பாடப் போகிற கூட்டத்துக்கு முன்னால் அவன் ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்து வீட்டுக்காரர்கள் கேக் கொடுக்க மறந்து நிற்பார்கள். அப்படிப்பட்டவனை மிஷன் ஆஸ்பத்திரி செல்வமேரி சிஸ்டர் ஜூலை மாதத்தில் கூப்பிட்டு அனுப்பினால் தலைகால் புரியுமா?

"கவுஞ்சியில இருந்து வந்த பிள்ளை, பேரு சண்முகவள்ளி. கால்ல மாவுக்கட்டைப் பிரிச்சாச்சு, எலும்பும் கூடியிருச்சு. ஆனா பயந்துக்கிட்டு காலைத் தரையில வைக்க மாட்டேங்குது. இப்படியே கெடந்தா கால் விறைச்சுப் போயிரும்னு டாக்டர் சொல்றாருங்க. நீங்க வந்து ஆடுனா சிரிச்சுக்கிட்டே எறங்கிராதா?"

"எறங்குறது என்ன சிஸ்டர், கூடவே ஆட வச்சிருறேன்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் முழு வேஷத்தில் போனான். பிள்ளைகள் வார்டுக்குள் செருப்பு கூடாது என்று சிஸ்டர் சொன்னதால் அதை மட்டும் வாசலில் விட்டான். ஒரு தகரத் தட்டைத் தட்டிக்கொண்டு "ஹேப்பி கிறிஸ்மஸ்!" என்று உள்ளே குதித்தான்.

வார்டே அலறியது.

அவன் ஒன்றை யோசிக்கவில்லை. முகத்தை மூடிக்கொண்டு அந்த வார்டுக்குள் வருகிற ஆட்கள் ஒரே ஒரு காரியத்துக்குத்தான் வருவார்கள், ஆபரேஷன் தியேட்டருக்குத் தூக்கிக்கொண்டு போக. ஒரு பிள்ளை கட்டிலுக்கு அடியில் பாய்ந்தது. பெரும்பாறை ஊரிலிருந்து வந்த பையன் ஒருவன் சட்டையைத் தூக்கித் தையலைக் காட்டி, "எனக்குப் பண்ணியாச்சு! பண்ணியாச்சு!" என்று கத்தினான். சண்முகவள்ளியோ, நன்றாயிருந்த இன்னொரு காலையும் கம்பளிக்குள் இழுத்துக்கொண்டாள்.

செபாஸ்டினுக்கு மானமே போனது. முகமூடியைப் பிடுங்கி எறிந்தான். தாடியில் பாதி கன்னத்திலேயே ஒட்டிக்கொண்டது. ஆடினான், குதித்தான், தலையணை நழுவி முழங்காலுக்கு வரும்வரை சுழன்றான். ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஆவேசத்தில் போட்ட ஒரு குதிப்பில் வெறுங்கால், துருப்பிடித்த கட்டில் சட்டத்தில் பட்டுக் கிழிந்தது.

"ஐயோ, அம்மா!"

அப்போதுதான் முதல் சிரிப்பு வந்தது.

சிஸ்டர் காயத்தைப் பார்த்தார். "துரு. டி.டி. ஊசி போட்டே ஆகணும்."

போன வருஷம் மெஸ்ஸுக்குக் காலரா ஊசி போட வந்தவர்களைக் கண்டு பேரிக்காய் மரத்தில் ஏறி உட்கார்ந்தவன் செபாஸ்டின். நாற்பது வயது ஆள். இப்போது ஏற மரம் இல்லாததால் கட்டில்களைச் சுற்றி ஓடினான். "அந்தா, அந்தக் கட்டிலுக்குப் பின்னால!" என்று பெரும்பாறைப் பையன் சிஸ்டருக்கு வழி காட்டினான். கடைசியில் சண்முகவள்ளியின் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே வகையாக மாட்டிக்கொண்டான்.

"நாளைக்கு வாரேன் சிஸ்டர். மாதா மேல சத்தியமா வெள்ளனே வந்துருறேன்." கண்ணில் நிஜமாகவே தண்ணீர்.

சண்முகவள்ளி அவனைப் பார்த்தாள். பாவமாக இருந்தது. "அழுகாதீங்க மாமா. என் கையைப் பிடிச்சுக்கங்க."

கை எட்டவில்லை. ஒரு காலைத் தொங்கவிட்டாள். பிறகு மற்றதை. தரையில் நின்று அவன் கையை இறுகப் பிடித்தாள். சிஸ்டர் அதைப் பார்த்தார், செபாஸ்டினும் பார்த்தான். அந்த நேரத்தில் ஊசி அவன் தோளில் இறங்கியதும் தெரியவில்லை.

"முடிஞ்சிருச்சு," என்று சண்முகவள்ளி கட்டிலில் ஏறத் திரும்பினாள்.

இப்போது ஏறிவிட்டால் நாளைக்கு யார் இறக்குவது? செபாஸ்டின் தோளைத் தேய்த்துக்கொண்டே கேட்டான். "சிஸ்டர், எனக்கு இன்னொரு ஊசி இருக்குல்ல? அந்தக் கடைசிக் கட்டில்ல வச்சுப் போடுறது?"

சிஸ்டர் அவனை ஒரு நொடி உற்றுப் பார்த்தார். "இருக்கு," என்றார்.

"நீயும் வாரியாம்மா? எனக்குப் பயமா இருக்கு." அதில் பொய் இல்லை.

சண்முகவள்ளி நொண்டி நொண்டி, கட்டில் கட்டிலாகப் பிடித்து, அந்தப் பெரிய மனுஷனை ஒரு கையால் இழுத்துக்கொண்டு நடந்தாள். பிள்ளைகளுக்குத் துணையிருந்த தாய்மார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சிஸ்டர் சும்மா ஊசியைக் காட்டிவிட்டுக் கண்ணடிப்பார் என்ற நம்பிக்கையில் செபாஸ்டினும் தைரியமாகவே போனான்.

ஆனால் பிள்ளைகள் முன்னால் பொய் சொல்கிற வழக்கம் சிஸ்டருக்குக் கிடையாது. "திரும்பிப் படுங்க," என்றார். "பி காம்ப்ளெக்ஸ். உடம்புக்கு நல்லது."

"எறும்பு கடிச்ச மாதிரிதான் மாமா இருக்கும்," என்றாள் சண்முகவள்ளி, இரண்டு காலிலும் நின்றுகொண்டு.

அவன் போட்ட கூச்சலில் நடிப்பு துளியும் இல்லை. வார்டு விழுந்து விழுந்து சிரித்தது. சண்முகவள்ளி மட்டும் சிரிக்காமல் அவன் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

"நாளைக்கும் ஊசி இருக்கா சிஸ்டர்? இருந்தா நான் துணைக்கு வாரேன்."

செபாஸ்டின் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

"இருக்குன்னு சொல்லுங்க சிஸ்டர்," என்றான்.