‘நிறுத்துங்கடா’ அக்கா

என் குரலே எனக்குக் கேட்டது, சுருட்டையின் கைப்பேசியிலிருந்து. காலை பத்தரை மணி. நான் யாரோ ஒரு பெரியவரின் கீழ்த்தாடைக்கு மெழுகில் பல் அடுக்கிக்கொண்டிருந்தேன். "நிறுத்துங்கடா! டேய், நிறுத்துங்கடா!" என்று ஒரு பெண் அடிவயிற்றிலிருந்து அலறினாள். கத்தி நழுவி முன்பல் இரண்டும் கோணிக்கொண்டன. அலறியவள் நான்தான், இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால்.

"புது ரிங்டோன்க்கா, சூப்பரா இருக்குல்ல?" என்றாள் சுருட்டை.

எங்கள் பல்செட் லேபில் பாலிஷ் மோட்டாரில் உட்காருபவள் அவள். எவ்வளவு பெரிய தொப்பி போட்டாலும் தலைமுடி அடங்காது, அதனால் அந்தப் பெயர். முப்பத்திரண்டு வயது, இரண்டு பிள்ளைக்குத் தாய். அன்றைக்குக் கையில் பாலிஷ் மாவோடு குதித்தாள். "ஈரச்சுவர் மறுபடி சேந்துட்டாங்கக்கா! அடுத்த மாசம் கச்சேரி! சாகறதுக்குள்ள ஒரு தடவ பாத்துடுவேன்!"

ஈரச்சுவர் ஓர் இசைக்குழு. நாலு பேர். போஸ்ட்-பங்க் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். தெரியாதவர்களுக்குச் சொல்வதென்றால், ஒரு கிதார் தகரத்தைச் சுரண்டும், இன்னொன்று வயிற்றைப் பிசையும், பாடுகிறவன் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவன் மாதிரி முணுமுணுப்பான். மொத்தமே ஒரே ஆல்பம். அதுவும் மூடிக்கிடந்த நூற்பாலை ஒன்றில் முந்நூறு பேர் முன்னால் பாடியதை கேசட்டில் பிடித்தது. ஆறு மாதத்தில் அடித்துக்கொண்டு பிரிந்தார்கள். பிரிந்த பிறகுதான் புகழ் வந்தது. ரசிகர்கள் தங்களைப் பூஞ்சை என்று சொல்லிக்கொள்வார்கள். ஈரச்சுவரில் வேறென்ன வளரும்?

ஆல்பத்தின் கடைசிப் பாட்டு ‘மூன்றாம் ஷிப்ட்’. அதன் நடுவில்தான் என் அலறல் வருகிறது. வந்த உடனே டிரம்ஸ் இரட்டை வேகத்தில் பாயும். பூஞ்சைகளுக்கு அந்த இடம் வேதவாக்கு. எங்கே கூடினாலும், யார் அந்தப் பாட்டை வாசித்தாலும், அந்த இடத்தில் எல்லாரும் சேர்ந்து "நிறுத்துங்கடா!" என்று கத்த வேண்டும், கத்தினால் பாட்டு இன்னும் வேகமாக ஓட வேண்டும். சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொள்கிறார்கள். தோளில் பச்சை குத்திக்கொண்டவனும் உண்டு. குரலுக்குரியவளுக்கு ‘நிறுத்துங்கடா அக்கா’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அவள் உழைக்கும் பெண்களின் எதிர்ப்புக் குரல் என்று ஒருவன் இணையத்தில் நீட்டி முழக்கியிருக்கிறான். இல்லை, கூட்டிவந்த நாடக நடிகை என்று இன்னொருவன். ஒரு பெண் நிறுத்து என்று கத்தினால் நிறுத்தச் சொல்லித்தான் கத்தியிருப்பாள் என்று ஒரு மண்டைக்காவது தோன்ற வேண்டுமே. எனக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

நடந்ததைச் சொல்கிறேன். அன்றைக்கு நானும் பூஞ்சைதான். எனக்கு இருபத்துமூன்று, தம்பிக்குப் பத்தொன்பது. மேடைக்கு இடப்பக்கம், முன்வரிசையில் நின்றோம். மூன்றாம் ஷிப்டின் நடுவில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்த ஒலிபெருக்கிப் பெட்டிகளில் மேலே இருந்தது சரிந்து அவன் காலில் விழுந்தது. அவன் சாய்ந்தான். பின்னால் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை, குதித்துக்கொண்டே இருந்தார்கள். நான் மேடையைப் பார்த்துக் கத்தினேன். நிறுத்தவில்லை. வேகம் கூடியது, அதோடு குதிப்பும் கூடியது. பெட்டி உடைத்தது ஒரே ஓர் எலும்பை. காலில் இன்னும் மூன்று எலும்பும் இடுப்பும் அதற்குப் பிறகு அவன்மேல் ஏறிய கால்களால் உடைந்தவை. மருத்துவர் எக்ஸ்ரேயை ஜன்னலில் பிடித்து ஒவ்வொன்றாகக் காட்டினார்.

அந்த மருத்துவரிடம் என் தம்பி என்ன சொன்னான் தெரியுமா? மாடிப்படியில் விழுந்தேன் என்றான். உண்மையைச் சொன்னால் போலீஸ் வரும், கேசட்டைப் பறிமுதல் செய்வார்கள், பாட்டு வெளியே வராது. அதுதான் அந்தத் துரைக்குக் கவலை. என்னிடமும் சத்தியம் வாங்கினான். நானும் வாயைப் பொத்திக்கொண்டேன். இன்றுவரை அதற்காக என்னையே திட்டிக்கொள்கிறேன்.

இப்போது அவனுக்கு நாற்பத்தைந்து. சாவி வெட்டும் கடையில் முக்காலியில் உட்கார்ந்தே வேலை. வலது கால் மூன்று விரல்கடை குட்டை; கைத்தடி இல்லாமல் எழுந்திருக்க முடியாது. கல்யாணம் எங்கள் இரண்டு பேருக்கும் அமையவில்லை, ஒரே வீட்டில் ஒருவரை ஒருவர் கடித்துக்கொண்டு இருக்கிறோம். அவன் அறைச் சுவரில் அந்த நாலு பேர் படம். தினமும் சவரம் பண்ணும்போது அந்த ஆல்பம். எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன். ஒரே பதில்தான் வரும். "அவங்களுக்குத் தெரியாதுக்கா. மேடை லைட்டு மூஞ்சில அடிக்கும்போது கீழ ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சிருந்தா நிறுத்தியிருப்பாங்க." அந்த ஒரு நம்பிக்கையை ஊன்றிக்கொண்டுதான் அவன் இத்தனை வருஷம் நடந்தான்.

கச்சேரிச் செய்தியை நான் அவனிடம் சொல்லவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறான், முகமெல்லாம் பல்.

"அக்கா, டிக்கெட் போட்டாச்சு. ரெண்டு. முன்வரிசை."

"ஏன்டா, இன்னொரு கால் மிச்சம் இருக்கே, அதையும் குடுத்துட்டு வரலாம்னா?"

"நீ வரலன்னா நான் தனியா போயிக்கறேன்."

போவான். அந்தப் பிடிவாதம் எனக்குத் தெரியும். சரி வந்து தொலைக்கிறேன் என்றேன்.

அந்த ஒரு மாதம் லேபில் காது கொடுக்க முடியவில்லை. சுருட்டை பூஞ்சைக் குழுவின் நிர்வாகிகளில் ஒருத்தி. எந்தப் பாட்டு முதலில் வரும், டிரம்ஸ்காரருக்கு முழங்கால் தேவலையா, எந்தக் கதவில் நின்றால் சீக்கிரம் உள்ளே விடுவார்கள் என்று நாள் முழுக்கப் பேச்சு. கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு என் அலறலைக் கத்திப் பழகினாள். ஒருநாள் வெளியே வந்து, "அக்கா, உங்க குரல் லேசா அந்த மாதிரியே இருக்கு. ஒரு தடவ கத்துங்களேன், ப்ளீஸ்" என்றாள். நான் பாலிஷ் மோட்டாரைப் போட்டுவிட்டுக் குனிந்துகொண்டேன்.

ஆனால் அவள் ஒரு உபயோகமான விஷயமும் சொன்னாள். நிர்வாகிகள் கச்சேரிக்கு முன்னால் மேடைக்குப் பின்புறம் போய்க் குழுவைப் பார்க்கலாமாம், கூட ஒருவரை அழைத்துப் போகலாமாம். என்னை அழைத்துப் போ என்றேன். பூரித்துப்போய்க் கட்டிக்கொண்டாள்.

கச்சேரி ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு. ரசிகர்களில் பாதிப்பேருக்கு மூட்டுவலி வந்துவிட்ட வயசு, பாடுகிறவர்களுக்கோ எட்டு மணிக்குத் தூக்கம் வந்துவிடுமாம். பழைய விளையாட்டு அரங்கு, நாலாயிரம் பேர். தம்பியை முன்வரிசைக் கம்பியோரம் நிறுத்திவிட்டு, "இங்கயே இரு, நகராத" என்று சொல்லிவிட்டு சுருட்டையோடு பின்னால் போனேன்.

பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்ட ஓர் அறை. பாடகனை எல்லாரும் நெட்டை என்பார்கள். இப்போது கூன் விழுந்து என் உயரத்துக்கு வந்திருந்தான். கீழ்த்தாடையில் முழுப் பல்செட், சரியாகவே உட்காரவில்லை. நாக்கால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசினான். எந்த லேபில் செய்தார்களோ, வெட்கக்கேடு. மற்ற நிர்வாகிகள் படம் எடுத்து முடிக்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பிறகு அவன் முன்னால் போனேன்.

"மூன்றாம் ஷிப்ட்ல கத்தினது நான்தான்" என்றேன்.

சுருட்டை சிரித்தாள். நெட்டை சிரிக்கவில்லை. என்னையே பார்த்தான்.

"அந்தப் பையன் எப்படி இருக்கான்?" என்றான். "கோடு போட்ட சட்டை."

தம்பி அன்றைக்கு உடுத்தியிருந்தது கோடு போட்ட சட்டைதான். கத்தரிக்கோலால் வெட்டித்தான் கழற்றினார்கள்.

"பாத்தீங்களா?"

"பாத்தேன்." அவன் குரல் இறங்கியது. "பாட்டு அன்னைக்கு அப்படி வந்துச்சும்மா. எங்களுக்கு அதுக்கு முன்னாடியும் வரல, பின்னாடியும் வரல. முடிச்சிட்டுப் பாத்துக்கலாம்னு நெனச்சேன். முடிக்கறப்போ நீங்க ரெண்டு பேரும் அங்க இல்ல."

"ஆள் செத்துருந்தா?"

அவன் நழுவிய பல்செட்டை நாக்கால் அழுத்திக்கொண்டான்.

"அவன் இங்க வந்திருக்கான்" என்றேன். "முன்வரிசைல, இடது பக்கம், கைத்தடியோட. உங்களுக்குத் தெரியாதுன்னு இத்தன வருஷமா உங்களுக்காக வக்காலத்து வாங்கிட்டு இருக்கான். இன்னிக்கு அந்தப் பாட்டைப் பாடாதீங்க. இல்ல, பாடுங்க, அந்த இடத்துல நிறுத்திட்டு அவன்கிட்ட ஒரு வார்த்த பேசுங்க."

"அதப் பாடலன்னா ஹாலையே உடைச்சிடுவாங்க" என்றான். அப்புறம், "பாக்கறேன்" என்றான். பாக்கறேன் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? என் வாயில் வந்ததையெல்லாம் அவன்மேல் கொட்டினேன், இங்கே எழுத முடியாத வார்த்தைகள். சுருட்டை முகம் வெளிறிப்போய் என் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். வராந்தாவில் அழுதாள். "எனக்குத் தெரியாதுக்கா, சத்தியமா தெரியாது" என்றாள். அவளைத் தேற்ற எனக்கு நேரமில்லை.

தம்பியிடம் சொல்லக்கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் திரும்பினேன். ஒன்றரை மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த முடிவைக் காப்பாற்றினேன். அவன் ஒவ்வொரு பாட்டுக்கும் கம்பியைத் தட்டினான், கூடவே பாடினான், நாலு தடவை அழுதான். சுற்றிலும் தொப்பையும் வழுக்கையுமாக நாலாயிரம் பேர் தலைகால் புரியாமல் ஆடினார்கள். பின்னாலிருந்து ஒருவன் என் தோளைத் தட்டி, "அக்கா, கடைசிப் பாட்டுக்குத் தொண்டைய மிச்சம் வைங்க" என்றான். அவனை அங்கேயே அறைந்திருப்பேன்.

கடைசிப் பாட்டுக்கு முன்னால் விளக்கெல்லாம் மேடைப்பக்கம் திரும்பியது. தம்பி மேடையைப் பார்த்துக் கையாட்டினான். "பாருக்கா, கண்ணு கூசுது அவருக்கு. பாவம், நம்மள எங்க தெரியப்போகுது" என்று சிரித்தான்.

அந்தப் ‘பாவம்’தான் என்னைக் கெடுத்தது.

"தெரியும்டா!" என்றேன். "அன்னைக்கும் தெரியும். பாத்துக்கிட்டேதான் பாடினான். உன் கோடு போட்ட சட்டை வரைக்கும் ஞாபகம் வச்சிருக்கான் அந்தப் பாவி. இப்பதான் என் மூஞ்சிக்கு நேரா சொன்னான்."

அவன் என் பக்கம் திரும்புவதற்குள் மூன்றாம் ஷிப்ட் ஆரம்பித்துவிட்டது. அரங்கு அதிர்ந்தது. தம்பி கம்பியைப் பிடித்துக்கொண்டு மேடையைப் பார்த்தபடி அசையாமல் நின்றான். நெட்டை பாடிக்கொண்டே இடப்பக்கம் வந்தான். மேடை விளிம்பில் நின்று நெற்றியில் கை வைத்து வெளிச்சத்தை மறைத்தான். என்னைப் பார்த்தான், பிறகு கைத்தடியை, பிறகு தம்பியின் முகத்தை. இப்போது நிறுத்துவான், ஒரு வார்த்தை சொல்வான் என்று ஒரு கணம் நானும்தான் நம்பினேன். அவன் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினான்.

நாலாயிரம் பேர் கத்தினார்கள். பக்கவாட்டில் நின்ற சுருட்டைகூட, எல்லாம் தெரிந்தபிறகும், பழக்கதோஷத்தில் கத்திவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். டிரம்ஸ் இரட்டை வேகத்தில் பாய்ந்தது. என் பக்கத்தில் தம்பியும் கத்தினான். அவன் குரல் எனக்குக் கேட்கவில்லை. லேபில் மோட்டார் சத்தத்தில் வாயசைவைப் படித்தே பழகியவள் நான், அதனால் தெரிந்தது. "நிறுத்துடா" என்றான். கழுத்து நரம்பு புடைக்க மறுபடி மறுபடி கத்தினான். பின்னால் இருந்தவர்கள் அவன் உற்சாகத்தைப் பார்த்து முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். நெட்டை முதுகைத் திருப்பிக்கொண்டு டிரம்ஸ் பக்கம் போய்விட்டான்.

பக்கக் கதவு வழியாகத் தம்பியை வெளியே கொண்டுவந்தேன். வெயில் இன்னும் இறங்கவில்லை. ஒலிபெருக்கிப் பெட்டிகள் ஏற்றி வந்த வண்டி நின்றிருந்தது, அதன் பின்படியில் உட்கார்ந்தான்.

"எவ்ளோ நேரம் ஆயிருக்கும்க்கா?" என்றான்.

"எதுக்கு?"

"நிறுத்தி, அந்தப் பெட்டியத் தூக்கி, என்னை வெளிய எடுக்க."

"ரெண்டு நிமிஷம்."

"ரெண்டு நிமிஷம்" என்று அவனும் சொல்லிப்பார்த்தான். "குடுத்திருக்கலாம்ல?"

முகம் கோணி, தாடை நடுங்கி, பல் கிட்டிப்போய் உட்கார்ந்திருந்தான். அவன் கோபப்படவில்லையே என்று இருபத்தாறு வருஷமாக அவன்மேல் கோபமாக இருந்தவள் நான். இதோ வந்துவிட்டது. நாற்பத்தைந்து வயதில், அதை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்? திரும்ப உள்ளே ஓடி, அந்த நெட்டையின் காலில் விழுந்து, ‘நான் பாக்கலன்னு அவன்கிட்ட ஒரு பொய் சொல்லுங்க’ என்று கெஞ்சலாமா என்றுகூட நினைத்தேன். இனி யார் சொன்னாலும் நம்பமாட்டான். எழுப்பிவிட நான் கையை நீட்டினேன். அவன் என் கையைத் தள்ளிவிட்டு, தடியை ஊன்றித் தானே எழுந்து, எனக்காக நிற்காமல் நடந்தான்.